ஓய்வும் உரிமையும்

உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆயினும், ஓய்வு பெற்ற இருவருள் ஒருவன் அதனை மகிழ்ச்சியோடு அனுபவிக்கிறான். மற்றொருவன் அதனாலேயே வாடி மெலிகிறான். இருவருக்கும் வயது ஒன்று. கையிலுள்ள பணமும் ஏறக்குறைய ஒன்று. அங்ஙனமிருக்க, இவ்வேற்றுமை எதனால் விளைகின்றது? விதி என்பார் சிலர். அவனவன் குணம் என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் காரணங் கூறாது தப்பித்துக்கொள்ளும் விடைகள் என்பதே நமது அபிப்பிராயம்.

செலாயாங்கிலும், அதனை அடுத்த பத்துமலை, ரவாங் வட்டாரங்களிலும் இன்று அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மவருள், தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே உழைத்து முதிர்ந்தோர் பலர். ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டபோது இவர்கள் நகரம் வந்து சேர்ந்தனர். இவர்தம் இளமை எங்ஙனம் கழிந்தது? விடியுமுன் பெரட்டு, பின்னர்த் தண்டலின் கட்டளை, மரம் சீவும் நேரம், பால் எடுக்கும் நேரம், நிறுக்கும் நேரம் யாவும் பிறர் குறித்தவை. குடியிருந்த லயமும் நிருவாகத்துக்கே உரியது. ஆதலின், வேலை நின்றபோது சம்பளம் மட்டுமன்றி, வீடும் அண்டை அயலும் ஒருங்கே கைவிட்டுப் போவதாயிற்று. பெயர்ப் பதிவேடு எழுதும் கிராணிமாராகிய நாம் இதனை நன்கறிவோம்.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுதல் நியாயமன்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ல் எழுபது வயதுத் தொழிலாளர்க்கு உதவிச் சம்பளம் ஏற்படுத்தினார். நமது நாட்டில் 1951-ல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. 55 வயதில் அச்சேமிப்பைப் பெறலாம். 2013 ஜூலை முதல், தனியார் துறையில் ஓய்வு வயது அறுபதுக்குக் குறையலாகாது என்றும் விதிக்கப்பட்டது. இவையெல்லாம் வயிற்றைக் கவனித்தன, பொழுதைக் கவனிக்கவில்லை.

மனிதர் முதுமையில் புதியவராக மாறுவதில்லை, முன்னர்ப் பழகிய வழிகளையே தொடர்ந்து மாறுதல்களைச் சமாளிக்கிறார்கள் என்று அமெரிக்க அறிஞர் ராபர்ட் அட்ச்லி 1989-ல் எடுத்துரைத்தார். இக்கூற்று உண்மையே. ஆனால், பிறர் கட்டளைக்கு நடப்பது ஒன்றையே பழகியவன் எதனைத் தொடர்வான்? கட்டளையிடுவாரில்லாத காலைப்பொழுது அவனுக்கு விடுதலையாகத் தோன்றுமா, வெறுமையாகத் தோன்றுமா?

“கஷ்டத்தில் வளர்ந்தவன் எதையும் தாங்குவான்” என்று நம்மிற் பலர் பெருமையாகப் பேசுகின்றனர். தாங்குதல் வேறு, வாழ்தல் வேறு. கஷ்டம் தானாக எவருக்கும் எதனையும் கற்பிப்பதில்லை. அக்கஷ்டத்தினிடையே ஏதேனும் ஒன்றைத் தானே தீர்மானிக்கும் உரிமை பெற்றிருந்தவனுக்கே அது படிப்பினையாகிறது. லயத்தின் பின்புறத்தில் காய்கறி பயிரிட்டவன், மாடு வளர்த்தவன், சங்கத்தில் நின்று கூலிக்காக வாதாடியவன், நாடகம் நடத்தியவன் ஆகிய இவர்களுக்குச் சாண் அளவேனும் சொந்தப் பொழுது இருந்தது. நகரம் வந்த பின்னரும் இவர்கள் தொட்டியிலாவது கருவேப்பிலை வைக்கிறார்கள். நாலு பேரைக் கூட்டி நல்லது பேசுகிறார்கள். அத்தகைய பொழுதையும் கள்ளுக்கடையில் இழந்தவனுக்கோ ஓய்வு ஒரு சுமையாகிறது. அவனை மட்டும் குறை கூறிப் பயனென்ன? எத்தனையோ தோட்டங்களில் கள்ளுக்கடைக்குக் கிடைத்த இடம் படிப்பகத்துக்குக் கிடைக்கவில்லையே!

கிராணியின் நிலை இதனினும் மேலானது என்று எண்ணவேண்டா. ஆங்கிலம் படித்து, நாற்காலியில் அமர்ந்து, “ஐயா” என்ற அழைப்பிலே வளர்ந்த நாம், நாற்காலி போனால் நமது மதிப்பும் போயிற்று என்றே நினைக்கிறோம். மாடு வளர்த்த தொழிலாளி மாட்டோடு ஓய்வு பெறுவான். நாம் எதனோடு ஓய்வு பெறுவோம்?

பெண்மக்கள் நிலையோ இன்னும் பரிதாபமானது. தோட்ட வேலையினின்று விடுபட்டவளுக்கு அடுப்பும் பேரப்பிள்ளையும் காத்திருக்கின்றன. “அம்மாவுக்குச் சங்கடமே இல்லை, எப்போதும் ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள்” என்று மகன் புகழ்கிறான். இது மனம் பொருந்திய வாழ்வன்று. ஓய்வே கிடைக்காத வாழ்வு. நாற்பதாண்டு இரட்டை வேலை செய்தவள் ஒரு நாளேனும் தனக்கென விரும்பியது யாதென்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே, ஓய்வுக்காலத்துக்கு வேண்டிய சேமிப்பு பணம் மட்டுமன்று. சொந்தமாகச் சிந்தித்து, சொந்தமாகத் தீர்மானித்து நடக்கும் பழக்கமும் ஒரு சேமிப்பேயாகும். அதனை 55 வயதில் திடீரென எடுக்க முடியாது. உழைக்கும் காலத்திலேயே சிறுகச் சிறுகப் போட்டு வரவேண்டும். வேலை கொடுப்போர் அதற்குப் பொழுதும் இடமும் அளித்தல் கடமை. அப்பழக்கத்தைப் பெறாமலே முதிர்ந்துவிட்டவர்களைச் சோம்பேறிகள், முணுமுணுப்பவர்கள் என்று இகழாது, வீட்டுக் காரியங்களிலும் பொதுக் காரியங்களிலும் அவர்தம் கருத்தைக் கேட்டு நடத்தல் பிள்ளைகளின் கடமை. வாழ்நாள் முழுதும் கட்டளை கேட்டவர்களை, இறுதிக் காலத்திலேனும் யோசனை கேட்போமாக.