கவ்வாத்துக்கு முன் வேரைப் பார்



இன்று வாசித்த யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரம் திராட்சைக் கொடியைப் பற்றியது. நம்மில் யாரும் திராட்சைத் தோட்டத்தில் பேர் போட்டவர்கள் இல்லை. ஆனாலும் கிளை கழிப்பது என்றால் என்னவென்று இந்தத் தேயிலை மலையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நமக்கு அது கவ்வாத்து. கிரேக்க மூலத்தில் கழிப்பதற்கும் துப்புரவாக்குவதற்கும் ஒரே சொல்தான் வருகிறது. வெட்டி முடித்த கட்டையில் குனிந்து பாசி சுரண்டுகிறீர்களே, அந்த வேலையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் இதே வாசகத்துக்கு நான் ஒரு மறையுரை செய்தேன். உங்கள் கஷ்டமெல்லாம் கடவுள் வெட்டுகிற கவ்வாத்து, பொறுத்திருங்கள், துளிர்ப்பீர்கள் என்று குரலை உயர்த்திப் பேசினேன். பூசை முடிந்ததும் ஒரு அம்மா வந்து நின்றார். கணவர் இறந்து மூன்று மாதம். மூத்த பிள்ளை படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தது. “சாமி, செடி தாங்குமான்னு பாத்துட்டுத்தானே வெட்டுவாங்க?” என்று மட்டும் கேட்டார். இறையியல் படித்தவன் நான். வாயடைத்து நின்றேன்.

பதிலைப் பிறகு மலையில் கண்டேன். கவ்வாத்துக்குக் குறித்த மலை அது. ஒரு பெரியவர் செடியின் அடியைக் கிளறி, பென்சில் பருமனில் ஒரு வேரை வெட்டி எடுத்தார். வெட்டுமுகம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒரு சின்னப் போத்தலிலிருந்து அயடீன் இரண்டு சொட்டு விட்டார். முதலில் மஞ்சள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலம் ஏறியது, வண்டிச் சக்கரத்து ஆரக்கால்கள் மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடு கோடாக. “இது தாங்கும் சாமி” என்றார் பெரியவர். நிறம் ஏறாத வேராக இருந்தால் அந்த மலையில் கத்தியே வைக்கமாட்டார்களாம்.

அந்தக் கருநீலம் மாப்பொருள். அது எங்கிருந்து வந்தது? இலையின் மேற்றோலுக்குக் கீழே, வேலிக்கால் நட்டதுபோல் நெருக்கியடித்து நிற்கும் கலங்களில் பச்சையம் இருக்கிறது. இலையின் அடிப்பக்கத்து இலைவாய்கள் காற்றை உள்ளே விடுகின்றன. காற்றும் நீரும் வெயிலும் சேர்ந்து அங்கே சீனி உண்டாகிறது. வேரிலிருந்து நீர் காழ் வழியாக ஏறும், சீனி உரியம் வழியாக இறங்கும். இரண்டுக்கும் நடுவே மாறிழையம் என்று ஒரு மெல்லிய படை. உள்ளே புதுக் காழையும் வெளியே புது உரியத்தையும் ஆக்கிக்கொண்டே இருப்பது அதுதான். மழுங்கிய கத்தியால் பட்டையைக் கிழித்தால் அந்தப் படை சிதைந்து காயம் மூடாமல் போகும். கவ்வாத்துக்காரர்கள் கத்தியை அவ்வளவு பாடுபட்டுத் தீட்டிச் சாய்வாக ஒரே வீச்சில் வெட்டுவது அதனால்தான். க.பொ.த. படிக்கிற பிள்ளைகள் இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

உயர்ந்த மலைகளில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து. வெட்டிய அன்று செடியில் இலையே இருக்காது. இலை இல்லாவிட்டால் சீனி இல்லை. பட்டைக்குள் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்து வெளியே வந்து, தங்கள் இலையில் தாங்களே சமைக்கத் தொடங்கும் வரை, வேரில் சேர்த்துவைத்த மாப்பொருளைத் தின்றுதான் அவை வளரவேண்டும். அந்தச் சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் கட்டை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துபோகும். அதனால்தான் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், வெட்டும் முன் வேரைச் சோதிக்கச் சொல்கிறது. சேமிப்பு போதாவிட்டால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடியை ஆறப்போட வேண்டும். அல்லது ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைக்க வேண்டும். அந்தக் கிளைக்கு ஆங்கிலத்தில் நுரையீரல் என்றே பெயர்.

அன்புக்குரியவர்களே, இயேசு தந்தையைத் தோட்டக்காரர் என்கிறார். வேரைப் பார்க்காமல் வெட்டுகிறவரை எந்தத் தோட்டத்திலும் தோட்டக்காரர் என்று சொல்வதில்லை. 1948இல் சட்டம் போட்டு நம் தாத்தா பாட்டிகளின் குடியுரிமையை இல்லாமல் செய்தார்கள். இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இங்கே என்றும் கணக்கெழுதிப் பிரித்தார்கள். யாராவது ஒருவரின் வேரில் ஒரு சொட்டு அயடீன் விட்டுப் பார்த்தார்களா? இன்றும் மாதச் சம்பளம் கடைக் கடனுக்கே போய்விடுகிறது, மழைக்கு லயத்துக் கூரை ஒழுகுகிறது. இவற்றையெல்லாம் கடவுளின் கவ்வாத்து என்று பீடத்திலிருந்து சொல்வது அவர்மேல் பழி போடுவது. நான் போட்டிருக்கிறேன்.

அவர் கையின் வெட்டு வேறு மாதிரி இருக்கும். குடியை விடச்சொல்லி உங்களை உறுத்தும், பத்து வருடப் பகையை இறக்கிவைக்கச் சொல்லும். அதற்கு வேண்டிய பலத்தை முன்பே வேரில் சேர்த்துவைத்துவிட்டுத்தான் அவர் கத்தியை எடுப்பார்.

நுரையீரல் கிளைக்கு வருகிறேன். லயத்தில் ஒரு காம்பராவில் சாவு விழுந்தால் அடுத்த காம்பராவில் உலை வைக்கிறீர்கள். யாரும் சொல்லித்தந்து செய்வதில்லை. இலை போன கிளைகளுக்கும் இலையோடு நிற்கிற கிளைக்கும் வேர் ஒன்றுதான். அந்த ஒரு கிளையிலிருந்து இறங்குகிற சீனிதான் முழுச் செடியையும் பிடித்துவைக்கிறது. நிலைத்திருங்கள் என்று ஆண்டவர் பன்மையில் சொன்னதை இந்த லயங்களில்தான் நான் புரிந்துகொண்டேன்.

அன்று கேள்வி கேட்ட அம்மா இன்றும் இங்கே இருக்கிறார். யாரென்று சொல்லமாட்டேன், அவருக்குத் தெரியும். அம்மா, பூசை முடிந்ததும் உங்கள் காம்பராவுக்கு வருகிறேன். பதில் சொல்ல ரொம்பப் பிந்திவிட்டேன். பிளேன்டீ போதும்.

எழுந்து நின்று விசுவாச அறிக்கையைச் சொல்வோம்.