காவலரை மாற்றினால் கடமை தீருமா?

பலருக்குப் பொதுவான ஒரு சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்துகிறோம். மாதந்தோறும் பணமும் கொடுக்கிறோம். அவரோ ஒப்புக்கொண்ட வேலையைச் செய்கிறாரில்லை; கேட்ட கணக்கைக் காட்டுகிறாரில்லை. அவரை விலக்கி இன்னொருவரை வைக்க நமக்கு உரிமை உண்டா? உண்டெனில் எந்த முறையில் விலக்குவது நியாயம்? விலக்கியதோடு நமது பொறுப்பு முடிந்துவிடுமா?

இலுப்பைக்கடவையில் தனித்தனி வளவுகளில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று வாசகர்கள் எண்ணலாம். ஆனால் நம் பிள்ளைகளும் உறவினரும் இன்று வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தொடர்மாடிகளில் குடியிருக்கிறார்கள். வீடு அவரவருக்கு, படிக்கட்டும் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் லிப்டும் எல்லோருக்கும். இவற்றைக் கவனிக்க ஒரு பராமரிப்புக் கம்பனி. லிப்ட் பழுதாகி வாரக் கணக்காகிறது, கூரை ஒழுகுகிறது, கட்டணம் மட்டும் ஏறுகிறது என்ற முறைப்பாடு அங்கிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் நமக்குப் பழகிப்போன ஒன்று.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். நம்மூர்க் குளமும் ஒருவகைத் தொடர்மாடிதான். வயல் அவரவருக்கு, குளக்கட்டும் துருசும் வாய்க்காலும் எல்லோருக்கும். ஆகவே இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று.

சட்டம் சொல்வது என்ன?

இலங்கையில் தொடர்மாடி உடைமை பற்றி 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் உண்டு. 1982இலும் 2003இலும் அது திருத்தப்பட்டது. இச்சட்டப்படி ஒரு தொடர்மாடியின் வீட்டுச் சொந்தக்காரர் அனைவரும் சேர்ந்து ஒரு முகாமைக் கூட்டுத்தாபனம் ஆகிறார்கள். பொதுப் பகுதிகளைப் பேணும் கடமை அந்தக் கூட்டுத்தாபனத்துடையது. வெளிக் கம்பனி ஒன்று அமர்த்தப்பட்டால், அது இவர்களுடைய வேலையைக் கூலிக்குச் செய்யும் கையாள் மாத்திரமே. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கம்பனியை எசமானாகவும், தங்களை அதன் தயவில் இருப்பவர்களாகவும் எண்ணிக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்தின் நிலை வேறு. அங்கே பெரும்பாலான தொடர்மாடி வீடுகள் நீண்டகாலக் குத்தகையில் உள்ளவை. பராமரிப்பவரை நியமிப்பது பெரும்பாலும் நிலத்தின் சொந்தக்காரர். 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. பராமரிப்பில் குற்றம் உண்டென்று நிரூபித்தால், வேறொரு முகாமையாளரை நியமிக்கும்படி நியாயசபையைக் கேட்கலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. கட்டடம் தகுதியுடையதாயிருந்து, வீடுகளில் பாதிக்குக் குறையாதவற்றின் குத்தகைக்காரர் ஒன்றுசேர்ந்து தாமே ஒரு கம்பனி அமைத்தால், எந்தக் குற்றத்தையும் நிரூபிக்காமலே பராமரிப்பைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். செலவாகாமல் மீந்திருக்கும் பணத்தையும் கேட்டுப் பெறலாம்.

இங்கே ஒரு நல்ல நியாயம் மறைந்திருக்கிறது. பணம் கொடுப்பவனும் ஒழுகும் கூரையின் கீழ் படுப்பவனும் யாரோ, பராமரிப்பைத் தீர்மானிக்க வேண்டியவனும் அவனே. ஆனால் அந்தப் ‘பாதி’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். தனியொருவரின் கோபத்துக்குச் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. அயலவன் கதவைத் தட்டி, பேசி, சேர்த்துக்கொள்ளத் தயாரானவர்களுக்கே கொடுத்தது.

குளங்கள் தரும் பாடம்

முன்பு இந்நாட்டுக் குளங்களை விதானைமார் மேற்பார்த்தனர். சிங்களப் பகுதிகளில் வெல் விதானை என்றும் மட்டக்களப்பில் வட்டை விதானை என்றும் அவர்களை அழைத்தார்கள். வேலைக்குக் கூலியாக விளைச்சலில் ஒரு பங்கு அவர்களுக்குக் கிடைத்தது. நல்ல விதானைமாரும் இருந்தனர். தண்ணீரைத் தமக்கும் தம் வேண்டியவர்களுக்கும் முதலில் திருப்பியவர்களும் இருந்தனர். 1958ஆம் ஆண்டு, பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராயிருந்தபோது வந்த நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை அகற்றி, கமக்காரர் தெரிந்தெடுக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. நோக்கம் நல்லது. ஆனால் ஏக்கருக்கு இவ்வளவு என்ற வரியைத் தம் அயலவரிடமிருந்தே அறவிட வேண்டியிருந்த குழுக்கள் பல இடங்களில் தடுமாறின. விதானையின் சொல்லுக்கு இருந்த பயம் போயிற்று. அதன் இடத்தில் பொதுக் கட்டுப்பாடு வளரவில்லை.

பின்னர் 1970களின் தொடக்கத்தில் வந்த சட்டங்கள் அதை மாற்றின. 1979இல் கமநல சேவைகள் சட்டம் மறுபடியும் மாற்றியது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இன்று கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள்ளே இத்தனை மாற்றங்கள்! பெயர் மாறியது, பதவி மாறியது. ஆனால் எந்த ஏற்பாட்டிலும், காலபோகத்துக்கு முன் கமக்காரர் கூடிப் பேசி, தத்தம் பங்குக் கட்டைத் திருத்திய இடத்தில் தண்ணீர் கடைவயல்வரை போயிற்று. கூடாத இடத்தில் துருசடி வயலோடு நின்றது.

தொடர்மாடிக்கும் இதுவே விதி. கூட்டத்துக்கு வராதவர்கள், கணக்கைப் புரட்டிப் பாராதவர்கள், பழைய கம்பனியை நீக்கிப் புதியதை வைத்தால் என்ன நடக்கும்? சில மாதங்கள் படிக்கட்டு பளபளக்கும். கேள்வி கேட்பார் இல்லையென்று புதியவரும் கண்டுகொண்டதும் பழைய கதை திரும்பும்.

கட்டணத்தை நிறுத்தலாமா?

சிலர், ‘வேலை சரியில்லை, ஆகவே நான் காசு கட்டமாட்டேன்’ என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் அந்த அடி யாரில் விழுகிறது? பொதுப் பணம் குறைந்தால் முதலில் நிற்பது கம்பனியின் இலாபமன்று. தண்ணீர் ஏற்றும் மோட்டார்தான். நான்காம் மாடியில் இருக்கும் முதிய தாய் குடத்தோடு படியேற வேண்டிவரும். விதானையோடு கோபித்துக்கொண்டு தன் பங்குக் கட்டை அடைக்காமல் விட்ட கமக்காரன், விதானையைத் தண்டிக்கவில்லை; கீழ்வயல்காரனைத் தண்டித்தான். எதிர்ப்பைக் காட்டுங்கள், எழுத்தில் காட்டுங்கள், கூட்டத்தில் காட்டுங்கள். உங்கள் பங்கையோ தவறாமல் கட்டுங்கள். கட்டியவனுடைய கேள்விக்குத்தான் கனம் உண்டு.

நீக்குவதிலும் நீதி வேண்டும்

குற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று சட்டம் சொல்லலாம். மனச்சாட்சி அப்படிச் சொல்லாது. குறைகளைத் திகதியிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். திருத்தத் தவணை கொடுக்க வேண்டும். அவர்கள் பக்கத்து விளக்கத்தையும் கேட்க வேண்டும். லிப்ட் ஓடாததற்குக் காரணம் கம்பனியின் அலட்சியமா, அல்லது வீட்டுக்காரர் பாதிப்பேர் வைத்திருக்கும் நிலுவையா என்று கண்டறியாமல் பழி சுமத்துவது பொய்ச்சாட்சிக்கு ஒப்பாகும். நீக்குவதென்று தீர்மானித்தபின் செய்த வேலைக்குரிய பணத்தைத் தீர்த்துக் கொடுக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களையும் சாவிகளையும் முறைப்படி பொறுப்பேற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலாக ஒன்று. கம்பனி போகும்போது, இரவு விழித்திருக்கும் காவலாளிக்கும் படிக்கட்டுக் கழுவும் பெண்ணுக்கும் என்ன நேரும்? கணக்கை மறைத்தவர்கள் அவர்கள் அல்லர். இருந்தும் முதலில் வேலை இழப்பவர்கள் அவர்களாகவே இருக்கலாம். புதிய கம்பனி மலிவாக வருகிறதென்று நாம் மகிழும்போது, அந்த மலிவு யாருடைய சம்பளத்தில் வெட்டப்பட்டது என்று கேட்பது நம் கடமை. நன்றாக வேலை செய்தவர்களைத் தொடர்ந்து வைத்திருக்கும்படி புதிய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் கேட்பதற்கு அதிக செலவாகாது.

ஆகவே, வாசகரே, கொழும்பிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உங்கள் மகன் அடுத்தமுறை கம்பனியைக் குறைகூறும்போது அவனுக்கு அனுதாபம் சொல்லுங்கள், அது நியாயமே. அதோடு, ‘தம்பி, கடைசிக் கூட்டத்துக்குப் போனாயா? வரவு செலவைப் பார்த்தாயா? பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியுமா?’ என்று மூன்று கேள்வியும் கேளுங்கள். மூன்றுக்கும் ‘ஓம்’ என்று பதில் வந்தால், அவன் கம்பனியை மாற்றலாம்; அந்த மாற்றம் நிலைக்கும். இல்லையென்றால் அவன் முதலில் போகவேண்டிய இடம் பக்கத்து வீடு.