கலந்த பாலின் கணக்கு

1986 ஏப்ரல் 26, செர்னோபில் அணு உலை வெடித்தது. அதற்குப் பிறகு ஐரோப்பா நன்கொடையாக அனுப்பிய 200 டன் ஐரிஷ் வெண்ணெய் பம்பாய் வந்து இறங்கியது. அதை விற்கக் கூடாது என்று வழக்கு. உச்ச நீதிமன்றம் நிபுணர்களைக் கேட்டது; சாப்பிடலாம் என்றார்கள். 1988இல் வழக்கு முடிந்தது.

உக்ரைனில் வெடித்ததற்கும் அயர்லாந்து வெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? நடுவில் பசு இருக்கிறது. மழையோடு இறங்கும் கதிரியக்கத் தூசு புல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒட்டும். பசு நாள் முழுக்க மேய்ந்து, ஒரு பெரிய பரப்பையே வயிற்றில் சேர்த்துவிடுகிறது. அயோடின்-131 ஓரிரு நாளிலேயே பாலுக்கு வந்துவிடும். குழந்தையின் தைராய்டு சின்னது, குடிக்கிற பாலோ அதிகம். செர்னோபிலைச் சுற்றிக் குழந்தைகளுக்கு வந்த தைராய்டு புற்றுநோய்க்குப் பால்தான் முக்கிய வழி.

அயோடின் 8 நாளுக்கொரு முறை பாதியாகும், காத்திருந்தால் போய்விடும். சீசியம்-137 பாதியாக 30 வருடம். ஆனால் அது கொழுப்போடு சேராமல் பாலின் நீரோடு போவதால் வெண்ணெயில் கொஞ்சமே தங்கும். ஆக, நிபுணர்கள் சொன்னதை நம்பலாம்.

என் கேள்வி வேறு. ஆபரேஷன் ஃப்ளட் காலத்தில் ஐரோப்பியப் பால்பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் கலந்த பால்தான் பெருநகரங்களுக்குப் போனது. மதராஸும் அதில் ஒன்று. இன்றைக்கும் மயிலாப்பூர், அடையாறு வாசலுக்கு வரும் பாக்கெட்டில் எத்தனையோ மாடுகளின் பால். ஒரு பேச்சுக்கு, லிட்டருக்கு 100 பெக்கரல் உள்ள பாலை ஒன்பது மடங்கு நல்ல பாலோடு கலந்தால் 10 ஆகிவிடும். வரம்புக்குள் வந்தாச்சு, பாஸ்!

சர்வர் வேலையில் லோடு பேலன்சர் என்று ஒன்று உண்டு. சுமையைப் பிரித்துக் கொடுக்கும், குறைக்காது. இங்கேயும் அதேதான். எவ்வளவு சின்ன அளவுக்கும் அதற்கேற்ற சின்ன ஆபத்து உண்டு என்பதுதான் கதிர்வீச்சுப் பாதுகாப்பின் வழக்கமான அனுமானம். அப்படியென்றால் தலைக்கு ஆபத்து பத்தில் ஒன்று, குடிக்கும் தலைகள் பத்து மடங்கு. நோயாளிகளின் எண்ணிக்கை மாறவில்லை. யார் என்று கைகாட்ட முடியாமல் போனது மட்டும்தான் மாற்றம்.

ஒருத்தர் தலையில் மொத்தமும் விழுவதைவிடப் பகிர்வது நல்லதுதானே, இன்ஷூரன்ஸும் அப்படித்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் இன்ஷூரன்ஸில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். காலையில் பாக்கெட்டை வெட்டி டிகாக்‌ஷனில் ஊற்றும் பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை.

1957இல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தபோது, சுமார் 500 சதுர கிலோமீட்டர் பண்ணைகளின் பாலை விற்கவிடாமல் கொட்டினார்கள். அந்த நஷ்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கலந்து விற்றால் நஷ்டமே தெரியாது. அதுதான் அதன் வசதி, அதுதான் அதன் குற்றமும்.

எவ்வளவு தாங்கும் என்பதை வரம்பு சொல்லும். அதை என் டம்ளரில் ஊற்ற யாருக்கு உரிமை என்று அது சொல்லாது. கொட்ட முடிகிற பாலைக் கொட்டிவிட வேண்டும். கலந்தே தீர வேண்டுமென்றால், கலந்தோம் என்று பாக்கெட்டின் மேலேயே அச்சடிக்க வேண்டும்.