பொம்மைக்கு உடுத்திய கை

தெருவில் கேமராவோடு அலைபவரை ஒரு கேள்வி விடாமல் துரத்தும்: முன்பின் தெரியாதவரின் முகத்தை அவரைக் கேட்காமல் எடுக்கலாமா? நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் ஃபிளாஷ் விளக்குகளைக் கட்டிவைத்து, 1999 முதல் 2001 வரை வழிப்போக்கர்களை அவர்கள் அறியாமல் படமெடுத்தார் நிழற்படக்காரர் பிலிப்-லோர்கா டிகோர்சியா. அந்தப் படங்களில் தம் முகமும் இருப்பதைப் பின்னால் தெரிந்துகொண்ட முதியவர் ஒருவர், இது தம் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். 2006-இல் நீதிமன்றம், அது கலை என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது. முதியவரின் மனத்தாங்கல் நியாயமானதா என்பதை எந்தத் தீர்ப்பும் முடித்துவைக்க முடியாது.

இந்த உறுத்தல் இல்லாமல் தெருவில் படமெடுக்க ஒரு வழி இருக்கிறது. துணிக்கடைப் பொம்மை முறைக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்ளாது, வக்கீலைத் தேடாது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பிளாஸ்டிக் தோலும் மனிதத் தோலும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். படத்துக்குத் தானாகவே ஓர் அமானுஷ்யம் ஏறிவிடும். லீ ஃப்ரீட்லாண்டர் போன்ற பெரிய கைகளும் இதில் இறங்கியிருக்கின்றன. 2012-இல் வெளிவந்த அவருடைய 'மேனிகின்' நூல் முழுக்கக் கடைப் பொம்மைகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம். பொம்மைக்கு மானம் கிடையாது, ஆகவே அதைப் படமெடுப்பதில் யாருக்கும் தீங்கு கிடையாது என்பது இவர்கள் தரப்பில் சொல்லக்கூடிய வாதம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியில்தான் அவசரம் தெரிகிறது.

பொம்மை தானாக நடந்துவந்து ஷோகேஸில் நிற்கவில்லை. எந்தப் பொம்மைக்கு எந்த உடை, எந்தக் கை எந்தப் பக்கம் திரும்பவேண்டும், பின்பக்கத் தொளதொளப்பை எங்கே ஊசி குத்தி மறைப்பது என்றெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த கடைச் சிப்பந்தி ஒருவர் இருக்கிறார். படமெடுப்பவர் தற்செயலாகக் கண்டெடுத்ததாக நினைக்கும் காட்சியில் பெரும்பகுதி அவர் அமைத்துவைத்தது. நிழற்படக்காரரின் கடன் பொம்மைக்கு அல்ல, இவருக்கு.

இந்தக் கடனை ஒழுங்காகத் தீர்த்தவர் யூஜீன் அட்ஜே. பாரிஸின் கோப்லான் அவென்யூவில் 1925-இல் அவர் எடுத்த ஆண்கள் துணிக்கடைப் படங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. முக்காலியில் நிறுத்திய மரக் கேமரா. 18-க்கு 24 செ.மீ. அளவுள்ள கண்ணாடித் தகடு. சிரித்த முகத்தோடு கோட்டும் சூட்டும் போட்ட பொம்மைகள்மீது எதிர்ச்சாரிக் கட்டடமும் மரங்களும் பிரதிபலித்துப் படர்கின்றன. கனவு மாதிரி இருக்கிறது என்று சர்ரியலிஸ்டுகள் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆனால் உடைகளில் தொங்கும் விலைச்சீட்டுகளை அட்ஜே ஒதுக்கவில்லை. அது ஒரு கடை, அங்கே வியாபாரம் நடக்கிறது என்பதை அவருடைய படம் மறக்கவிடுவதில்லை. 1926-இல் கலைஞர் மான் ரே வழியாகச் சர்ரியலிஸ்டுகளின் இதழ் அவர் படங்களை வெளியிட்டபோது, தம் பெயரைப் போடவேண்டாம் என்றார். இவை வெறும் ஆவணங்கள் என்பது அவர் நினைப்பு. ஷோகேஸ் ஜோடித்தவரைப் போலவே எடுத்தவரும் பெயரில்லாமல் நிற்கச் சம்மதித்திருக்கிறார். பெயர் நிலைத்தது, 1927-இல் அவர் இறந்தபின் நிழற்படக்காரர் பெரெனிஸ் அபாட் அந்தத் தகடுகளையும் பிரதிகளையும் காப்பாற்றியதால்.

அட்ஜேக்கு வண்ணத்தை விலக்கும் பிரச்சினை இல்லை. அவர் கருவியில் வண்ணமே கிடையாது. (கறுப்பு வெள்ளை என்று நாம் சொல்லும் அவருடைய அசல் பிரதிகள் பழுப்பேறியவை என்பது வேறு விஷயம்.) இன்றைய கேமரா வண்ணத்தோடுதான் பிடிக்கிறது. அதைக் கழிப்பது எடுப்பவரின் முடிவு. முடிவென்றால் பொறுப்பும் உண்டு. பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் சாம்பலாக்கி, இதில் எது பொம்மை என்று கேட்கும் படங்கள் மலிந்துகிடக்கின்றன. உயிருள்ளவளை மட்டம்தட்டும் மலிவான வேடிக்கை அது. அதைப்பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் பொறுப்புக்கு ஆப்கானிஸ்தானின் காபூல் கடினமான உதாரணம். 2021-இல் தாலிபான் ஆட்சியைப் பிடித்தபின், கடைப் பொம்மைகளை அகற்றவேண்டும் அல்லது தலையை வெட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் முறையிட, தலையை மூடினால் போதும் என்று தளர்த்தினார்கள். சிலர் பிளாஸ்டிக் பை மாட்டினார்கள், சிலர் அலுமினியத் தாள் சுற்றினார்கள். வேறு சிலர், உடுத்தியிருக்கும் உடைக்குப் பொருத்தமான நிறத்திலேயே முகமூடி தைத்துப் போட்டார்கள். ஊதா உடைக்கு ஊதா முகமூடி.

இதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் என்ன ஆகும்? பைக்குள் தலை சிக்கிய உருவங்கள், துக்கம், மூச்சுமுட்டல். அந்நாட்டுப் பெண்களின் நிலைக்கு அது பொய்யான படமும் அல்ல. ஆனால் முகத்தை மூடச் சொன்ன உத்தரவுக்குப் பணிந்துகொண்டே, மூடும் துணியையும் அழகாகத் தேர்ந்தெடுத்த தையல்காரரின் ரசனை அந்தச் சாம்பலில் காணாமல்போகிறது. வியாபாரச் சாமர்த்தியமோ, சன்னமான எதிர்ப்போ, இரண்டுமோ, அது அவர் செய்த செயல். பரிதாபத்துக்காக அதை அழிப்பவர் அவரை வெறும் பாதிக்கப்பட்டவராக மட்டும் நிறுத்திவிடுகிறார். அந்த ஊதாவைப் படத்தில் விட்டுவைப்பதே நேர்மை.

கடைக்காரரைக் கேட்டுவிட்டு எடுக்கலாமே என்பது பாரிஸுக்குப் பொருந்தும் யோசனை. அங்கே கேட்பதால் நஷ்டம் எதுவுமில்லை. ஒருவேளை அவருக்குப் பெருமையாகக்கூட இருக்கும். காபூலில் நாலு பேர் பார்க்க அந்நியர் ஒருவர் வந்து அனுமதி கேட்பதே கடைக்காரரை வம்பில் மாட்டிவிடலாம். கேட்காமல் எடுத்தால் கடையின் அடையாளம் படத்தோடு ஊர் சுற்றும். பெயர்ப்பலகையும் பக்கத்துக் கடையும் விழாமல் சட்டகத்தைச் சுருக்குவது ஒரு வழி. அதனால் படம் பலவீனமாகும் என்றால், பலவீனமான படத்தோடு திரும்பவேண்டியதுதான்.