உடலின் பேரேடு

வியாபாரிகளாகிய நாம் ஒருநாள் கல்லாவைப் பார்த்து இலாபம் என்று மகிழ்வதில்லை. பேரேட்டைப் புரட்டியே சொல்கிறோம். உடல்நலத்துக்கு மட்டும் ஒருநாள் கணக்கு போதுமா? டாக்டரைக் காண்பதற்கு இரண்டு நாள் முன்னர் தேத்தண்ணீரில் சீனியை நிறுத்தினால், அன்றைய சர்க்கரை அளவு குறைந்து தோன்றலாம். எச்.பி.ஏ.1.சி. என்னும் இரத்தப் பரிசோதனையோ இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். இரண்டு நாள் பத்தியத்துக்கு அது மசியாது. அதுவே நம் உடலின் பேரேடு.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு செயல் பழக்கமாக 18 முதல் 254 நாள்வரை ஆகலாம். இடையில் ஒருநாள் தவறினால் பெருங்கேடில்லை. ஆகவே, தவறிய மறுநாளே மீண்டும் தொடங்குபவரும் உறுதியுள்ளவரே. ஒருநாள் வியாபாரம் மந்தமென்று நாம் கடையை மூடிவிடுகிறோமா?