பெரியப்பாவின் கையும் குரங்குகளும்

பத்து காவானில் என் பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மூளைக்குள் மின்கம்பி வைத்த பிறகு, தே கிளாஸைச் சிந்தாமல் பிடிக்கிறார்.

இதற்கு வழி திறந்தவை குரங்குகள். எம்பிடிபி என்ற நஞ்சை ஏற்றி அவற்றுக்கு அந்த நோயை வரவழைத்தார்கள். 1990-இல் அமெரிக்காவில் டிலாங் குழு மூளையின் ஒரு சிறு பகுதியைச் சிதைத்ததும் அவை மீண்டும் நன்றாக அசைந்தன. 1993-இல் பிரான்சில் அதே பகுதிக்கு மின்சாரம் கொடுத்தபோது குரங்கின் இறுக்கம் தளர்ந்தது.

"அஹிம்சைன்னு பேசுறோம், இத எப்படிண்ணே ஏத்துக்கிறது?" என்று சமய வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. குரங்கிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே, சரி என்றும் சொல்ல முடியவில்லை. பிற உயிர்களுக்கு நாம் பட்ட கடனைப் பூத யக்ஞம் என்கிறோம். காக்கைக்குச் சோறு வைத்தால் இந்தக் கடன் தீருமா? ஊசி போதும் என்ற இடத்தில் கத்தி எடுக்காமல், பத்து போதும் என்றால் பதினொன்றைத் தொடாமல் இருப்பதாவது வேணும்.

பெரியப்பாவிடம் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்தார். "அப்புறம் அதுங்களுக்கு என்னாச்சு?" என்றார்.