மறைக்கும் முகம் யார் குற்றம்?

ஒப்பனையால் தன் முகத்தை மறைப்பவள் பொய்யுரைக்கின்றாளா? 2020 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ட்ரூ பியூட்டி’ என்னும் கொரியத் தொடர் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. தோற்றத்துக்காகப் பழைய பள்ளியில் வதைக்கப்பட்ட மாணவி ஜூக்யோங், ஒப்பனை கற்று, புதிய பள்ளியில் அழகியெனப் போற்றப்படுகின்றாள். ஆயினும், உண்மை முகம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சம் அவளை விட்டு அகல்வதில்லை.

இஃது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. நம் நாட்டில் 1975இல் அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் சிவப்பழகுக் கிரீம், 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ எனப் பெயரை மாற்றிக்கொண்டது. இந்த நிறவெறியை எதிர்த்து, 2009இலேயே சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கிற்று. ஆனால், பெண் பார்க்கச் செல்லுமுன் “நிறம் எப்படி?” எனக் கேட்கும் நம் நாவு மாறிற்றா?

கெங்கவல்லிப் பக்கத்து மரவள்ளிக் காட்டில் களையெடுத்துக் கறுத்த தாயும் தன் மகளிடம், “வெயிலில் நிற்காதே, கறுத்துவிடுவாய்” என்கின்றாள். அன்பினால்தான் சொல்கின்றாள். ஆயினும், அச்சொல்லால் மகளைக் காத்த தன் உழைப்பின் நிறத்தையே இழிவென ஒப்புக்கொண்டு விடுகின்றாள்.

அஞ்சி மறைப்பவளினும் அஞ்ச வைப்பவரே பொய்க்குப் பெரிதும் பொறுப்பாவர். எனவே, மகளின் ஒப்பனையைக் கடிந்துகொள்ளுமுன், அவள் செவியில் நாம் இட்ட சொற்களை எண்ணிப் பார்ப்போம்.